கோடிப் பெட்டிகளும் காலி இருக்கைகளும்

தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் சரக்கு பெருகிக்கொண்டே போகிறது. அதைச் சாலையில் இழுத்துச் செல்லும் லோரிகளுக்கோ ஆள் கிடைப்பதில்லை. துறைமுகம் அமைந்துள்ள ஜொகூர் கெலாங் பாத்தாவின் சரக்குப் போக்குவரத்து வேலைகள் கால் நூற்றாண்டில் எப்படி மாறின, இனி எந்தப் பக்கம் போகின்றன?

கெலாங் பாத்தாவில் சரக்குப் போக்குவரத்து வேலை மூன்று இடங்களில் நடக்கிறது: துறைமுக வேலிக்குள், நெடுஞ்சாலையில், கிடங்குகளிலும் கப்பல் முகவர் அலுவலகங்களிலும். மூன்றும் ஒரே கொள்கலனைச் சுற்றியவைதான். ஆனால் ஆள் தேவையும் சம்பளமும் எதிர்காலமும் மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் 2000-இல், இருபது அடிப் பெட்டிக் கணக்கில், 4 லட்சத்து 18 ஆயிரம் கொள்கலன்களைக் கையாண்டது. 2024-இல் அந்த எண்ணிக்கை 1 கோடியே 22 லட்சம். ஏறத்தாழ 29 மடங்கு வளர்ச்சி. வேலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பெருகிய வேலைகளும் பழைய வேலைகளாக இல்லை. எந்த வேலை வளர்கிறது, எது தேய்கிறது என்று தெரிந்து பிள்ளைகளை வழிநடத்துவது இந்த வட்டாரக் குடும்பங்களுக்கு இன்று அவசியமாகிவிட்டது.

தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு

கெலாங் பாத்தா 1990-கள் வரை ஒரு சிறு பட்டணம். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். கரையோரத்தில் தஞ்சோங் கூப்பாங் மீனவர் கிராமங்கள். சிம்பாங் அராங்கில் கடலை நம்பி வாழும் ஓராங் செலேத்தார் பூர்வகுடியினர். இரண்டு கட்டுமானங்கள் இந்த ஊரின் போக்கை மாற்றின.

முதலாவது, சிங்கப்பூரின் துவாஸை ஜொகூருடன் இணைக்கும் இரண்டாவது இணைப்புப் பாலம். ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாலம் 1998 ஜனவரி 2 அன்று போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டாவது, பூலாய் ஆற்றின் முகத்துவாரத்தில் சதுப்புநிலக் காட்டை ஒட்டி எழுந்த தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். 1999 அக்டோபரில் அங்கே வேலை தொடங்கியது. 2000 மார்ச்சில் அதிகாரபூர்வத் திறப்பு விழா நடந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் வட்டார மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றியது. 2002-இல் தைவானின் எவர்கிரீன் வந்தது. துறைமுகத்தின் பங்குகளில் 70 விழுக்காடு எம்எம்சி குழுமத்திடமும், 30 விழுக்காடு மெர்ஸ்க் குழுமத்தைச் சேர்ந்த ஏபிஎம் டெர்மினல்ஸிடமும் உள்ளன. வாடிக்கையாளரே பங்குதாரராகவும் இருப்பதால் கப்பல்கள் நிலையாக வந்தன. அவற்றைச் சார்ந்த வேலைகளும் நிலைத்தன.

இதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 2006-இல் இஸ்கண்டார் மலேசியா வளர்ச்சித் திட்டம் வந்தபின் அந்த மாற்றம் வேகம் பிடித்தது. பால்மரத்தையும் செம்பனையையும் நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் புதிய வேலை தேட வேண்டியதாயிற்று. பள்ளிச் சான்றிதழ் பெரிதாகக் கேட்காத, தோட்டத்துக் கூலியைவிட நல்ல வருமானம் தந்த வேலைகளில் லோரி ஓட்டுவதும் ஒன்று. முதலில் கெலிண்டானாக (லோரி உதவியாளராக) ஏறி, சரக்கு ஏற்றி இறக்கி, அண்ணன்மாரிடம் வண்டியைப் பழகி, பிறகு உரிமம் எடுத்து இருக்கைக்கு வந்தவர்கள் பலர். இன்று ஓய்வு பெறும் வயதை நெருங்கும் ஓட்டுநர்களில் இந்தத் தலைமுறையினர் நிறையவே இருக்கிறார்கள்.

பெட்டி வந்தது, மூட்டை போனது

பழைய துறைமுக வேலை ஆள்பலத்தை நம்பியது. இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் மூட்டை தூக்கிய கும்பல்களில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் இருந்தனர். ஒரு கப்பலைக் காலி செய்யப் பல நாள் பிடிக்கும். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கூலி கிடைக்கும்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸாஸுக்கு அனுப்பினார். கொள்கலன் யுகம் அதோடு தொடங்கியது. சிங்கப்பூருக்கு 1972-இல் முதல் கொள்கலன் கப்பல் வந்தது. மறு ஆண்டு கிள்ளான் துறைமுகத்திலும் கொள்கலன் முனையம் திறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மூட்டைக் கும்பல்கள் கரைந்து போயின.

தஞ்சோங் பெலெப்பாஸ் பிறந்ததே கொள்கலன் துறைமுகமாகத்தான். மூட்டை தூக்கும் வேலை அங்கே இருந்ததே இல்லை. ஆகவே அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் தலைமுறையே கிரேன் இயக்கவும், திரையைப் பார்க்கவும், இயந்திரம் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்ட தலைமுறை.

வேலிக்குள்: உயரத்தில் ஒரு நாற்காலி

துறைமுகத்துக்குள் இருக்கும் முக்கிய வேலைகள் ஆறு: கப்பலிலிருந்து பெட்டியை எடுக்கும் கரைக் கிரேன் இயக்குநர், யார்டில் பெட்டியை அடுக்கும் டயர் கிரேன் இயக்குநர், இரண்டுக்கும் இடையே பெட்டியைச் சுமந்தோடும் பிரைம் மூவர் ஓட்டுநர், கப்பலில் பெட்டிகளை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் லாஷிங் தொழிலாளர், இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பர், எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று வகுக்கும் திட்டமிடுநர்.

இவர்களில் கரைக் கிரேன் இயக்குநரின் வேலை மிக நுட்பமானது. பதினைந்து மாடி உயரத்துக்குக் குறையாத இடத்தில் தொங்கும் கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். காலடியிலும் கண்ணாடிதான். முதுகை வளைத்து, கீழே பார்த்தபடியே மணிக்கணக்கில் வேலை. பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள துளைகளில் கிரேனின் பிடிச்சட்டம் சரியாக இறங்க வேண்டும், பூட்டு விழுந்ததாக விளக்கு எரிய வேண்டும், பிறகுதான் தூக்கலாம். காற்று அடித்தால் பெட்டி ஊசலாடும். அந்த ஆட்டத்தைக் கைப்பிடியின் சிறு அசைவுகளால் அடக்கத் தெரிந்தவரே நல்ல இயக்குநர். மணிக்கு எத்தனை பெட்டி என்பதே அவர் திறமையின் அளவுகோல். கழுத்துவலியும் இடுப்புவலியும் இந்த வேலையோடு வருபவை.

2018 ஆகஸ்டில் மும்பை மெர்ஸ்க் என்ற கப்பல் 19,038 இருபது அடிப் பெட்டிகளின் அளவுக்குச் சரக்கேற்றி இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அப்போது அது உலக சாதனை. அந்தச் சாதனைக்குப் பின்னால் இப்படிப்பட்ட இயக்குநர்களும், வெயிலிலும் மழையிலும் கம்பி இறுக்கிய தொழிலாளர்களும் இருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தஞ்சோங் பெலெப்பாஸுக்கு வரும் பெட்டிகளில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மாற்றுச் சரக்கு. அதாவது, ஒரு கப்பலில் வந்து, யார்டில் சில நாள் இருந்து, வேறொரு கப்பலில் ஏறிப் போய்விடுபவை. அவை துறைமுக வாசலைத் தாண்டுவதே இல்லை. செங்கடலில் 2023 இறுதியில் தொடங்கிய தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோதும், 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க்கும் ஹபாக் லாய்டும் ஜெமினி கூட்டணியைத் தொடங்கி இத்துறைமுகத்தை ஒரு மையமாக வைத்துக்கொண்டபோதும் வேலை கூடியது வேலிக்குள்தான். சாலையில் லோரி ஓட்டுபவருக்கு அந்த வளர்ச்சியில் சிறு பங்குதான் வந்து சேர்கிறது. ஜொகூரின் தொழிற்சாலைகள் எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி செய்கின்றன என்பதே அவருடைய வேலையைத் தீர்மானிக்கிறது.

வேலிக்கு வெளியே: டிரிப் கணக்கு

கொள்கலன் லோரி ஓட்ட இரண்டு உரிமங்கள் வேண்டும்: கனரக வாகனத்துக்கான இ வகுப்பு உரிமம், சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜிடிஎல் தொழில் உரிமம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி, மருத்துவச் சோதனை, தேர்வு என்று கணிசமாகச் செலவாகும். இ வகுப்பு முழுமையாக எடுப்பவருக்கு இன்னும் கூடும். வேலை தேடும் இளைஞனுக்கு முதல் தடை இதுவே.

உரிமம் கிடைத்தபின் நாள் எப்படிப் போகிறது? விடியுமுன் டிப்போவுக்குப் போய் வண்டியைச் சோதித்துக் காலிப் பெட்டியை எடுக்க வேண்டும். செனாயிலோ பாசீர் கூடாங்கிலோ உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே சரக்கு ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். சீல் போட்டதும் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, இரண்டாவது இணைப்பு நெடுஞ்சாலை வழியே துறைமுகம். வாசலில் முன்பதிவைக் காட்டி, யார்டில் சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர் கிரேன் வந்து பெட்டியைத் தூக்கும்வரை மறுபடி காத்திருப்பு.

சம்பளம் பெரும்பாலும் அடிப்படைத் தொகையும் டிரிப் காசும் சேர்ந்தது. அடிப்படை குறைவு, டிரிப்பில்தான் வருமானம். காத்திருக்கும் மணிகளுக்குப் பல இடங்களில் காசு இல்லை. தொழிற்சாலை தாமதித்தாலும், யார்டு நெரிந்தாலும், சாலை அடைத்தாலும் நட்டம் ஓட்டுநருக்கு. உடம்பு முடியாமல் ஒரு வாரம் படுத்தால் மாத வருமானம் அடிப்படைக்கு இறங்கிவிடும். கூடுதல் டிரிப் எடுக்கத் தூக்கத்தைக் குறைப்பதும், வேகத்தைக் கூட்டுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. சாலை விபத்துக்கு ஓட்டுநரின் கவனக்குறைவை மட்டும் காரணம் சொல்வது அதனால்தான் நியாயமாகாது.

ஆள் இல்லையா, வர மனமில்லையா?

ஓட்டுநர் பற்றாக்குறை மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. உலகச் சாலைப் போக்குவரத்துச் சங்கமான ஐஆர்யூ 2023-இல் 36 நாடுகளில் நடத்திய ஆய்வில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட லோரி ஓட்டுநர் இடங்கள் காலியாக இருப்பதாகச் சொன்னது. வேலை இடங்களில் இது 7 விழுக்காடு. ஓய்வு பெறுவோரின் இடத்துக்கு இளைஞர்கள் வருவதில்லை என்பதே எங்கும் முதல் காரணம். பிரிட்டனில் 2021-இல் ஓட்டுநர் இல்லாமல் பெட்ரோல் நிலையங்கள் காலியாயின. ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநரின் மிகை நேர வேலையை ஆண்டுக்கு 960 மணியாகக் கட்டுப்படுத்தியது. அதனால் சரக்கு தேங்கும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தது.

கெலாங் பாத்தாவுக்குச் சொந்தமான காரணங்கள் இரண்டு. ஒன்று, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. இ வகுப்பு உரிமமும் நல்ல பதிவும் உள்ள ஓட்டுநர் அங்கே போனால் அதே வேலைக்கு வீட்டுக்குக் கொண்டுவரும் பணம் பெருகுகிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிள்களில் சுல்தான் அபு பக்கார் குடிநுழைவு வளாகத்தை நோக்கிப் போகிறவர்களில் ஜொகூர் நிறுவனங்கள் பயிற்சி கொடுத்து வளர்த்த ஓட்டுநர்களும் உண்டு. 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது தினசரிப் பயணம் நின்றது. சரக்கு லோரிகள் மட்டும் தொடர்ந்து கடந்தன. இரு நாடுகளின் சாப்பாட்டுத் தட்டும் மருந்துப் பெட்டியும் இவர்களை நம்பியிருக்கின்றன என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் எல்லாருக்கும் காட்டின. 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை திறந்ததும் பழைய ஓட்டம் திரும்பியது.

இரண்டாவது காரணம், ஜிடிஎல் உரிமம் நடைமுறையில் மலேசியர்களுக்கானது. தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைப்பதுபோல் ஓட்டுநர் இருக்கைக்கு வரவழைக்க முடியாது. ஆகவே உள்ளூர் இளைஞர் ஒரு வேலையை விட்டு விலகுவதன் விளைவு மற்றத் துறைகளைவிட இங்கே முன்கூட்டியே தெரிகிறது. உணவு, பார்சல் விநியோகத்தில் மோட்டார் சைக்கிளே போதும், ஜிடிஎல் தேவையில்லை, நேரமும் தன் கையில். பதினெட்டு வயதில் அங்கே போனவரை இருபத்தொன்றில் லோரிக்கு அழைப்பது எளிதாக இல்லை.

உரிமம் வைத்திருந்தும் வேறு வேலைக்குப் போனவர்கள் நிறைய. பற்றாக்குறையின் பெரும்பகுதி சம்பள முறையிலும் வேலை நேரத்திலும் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளை மட்டும் கூட்டினால் அது தீராது.

சட்டமும் செலவும்

சில ஆண்டுகளாக அரசு விதிகள் இத்தொழிலைப் பல பக்கமும் தொட்டுள்ளன. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோர் மிகை நேரச் சம்பள உரிமைக்குள் வந்தனர். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது. பதிவு பெற்ற சரக்கு வாகனங்களுக்குச் சிறப்பு அட்டை மூலம் பழைய விலையே கிடைத்தது. எல்லா வகை வாகனங்களும் அதில் அடங்கவில்லை; சிறு நிறுவனங்கள் தாள்வேலையில் திணறின. இரண்டு, மூன்று லோரி வைத்துப் பிழைப்போருக்கு இத்தகைய ஒவ்வொரு மாற்றமும் பெரிய சுமை.

பாதுகாப்பு விதிகளும் இறுகின. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தனர். அதன்பின் அதிக பாரத்தின் மீதும் நிறுவனங்களின் மீதும் நடவடிக்கை கடுமையானது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அக்டோபர் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்ற நெறி முன்பே இருக்கிறது. டிரிப்புக்குக் காசு என்ற முறை நீடிக்கும்வரை இந்த நெறியைக் கடைப்பிடிப்பவருக்கே வருமானம் குறையும். விதியும் சம்பள முறையும் ஒரே திசையில் நடந்தால்தான் சாலையில் உயிர்கள் தப்பும்.

நீரிணைக்கு அப்பால் ஆளில்லா வண்டி

தஞ்சோங் பெலெப்பாஸிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் துவாஸ் துறைமுகம் எழுந்துகொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 1 அன்று அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040-களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6.5 கோடிப் பெட்டிகளைக் கையாளும் திறன் அதற்கு இருக்கும். அங்கே யார்டில் பெட்டியைச் சுமந்தோடும் வண்டிகளில் ஓட்டுநர் இல்லை. யார்டுக் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவரே பலவாகக் கண்காணிக்கிறார்.

போட்டித் துறைமுகம் இப்படி நகரும்போது கெலாங் பாத்தா மட்டும் பழைய முறையில் நிற்க முடியாது. முதலில் மாறக்கூடியவை யார்டுக்குள் ஓடும் பிரைம் மூவரும் டயர் கிரேனும். மூடிய வளாகம், தெரிந்த பாதை, திரும்பத் திரும்ப ஒரே வேலை என்பதால் இயந்திரம் அங்கே எளிதாகப் பழகுகிறது. பொதுச் சாலை அப்படி இல்லை. மோட்டார் சைக்கிள், மழை, பள்ளம், குறுகலான தொழிற்சாலை வாசல் எல்லாவற்றையும் சமாளிக்க நெடுங்காலத்துக்கு மனிதர் தேவைப்படுவார். வேலிக்குள் ஓட்டுபவருக்கு மாற்றம் சீக்கிரம் வரும். வெளியே ஓட்டுபவருக்கு அது தாமதமாகும்.

இயந்திரம் வந்த இடத்தில் புதிய வேலைகளும் பிறக்கின்றன: மின்சாரக் கிரேன் பராமரிப்பு, உணர்கருவிப் பழுது, மென்பொருள் கண்காணிப்பு, தொலைதூர இயக்கம். எண்ணிக்கையில் இவை குறைவு, சம்பளத்தில் கூடுதல். உயரத்தில் முதுகை வளைத்த இயக்குநர் தரைத்தளத்து அறையில் திரை முன் உட்காரும்போது உடல்வலி குறைகிறது. பெண்களும் இந்த வேலைக்கு வர வழி பிறக்கிறது.

கிடங்கும் அலுவலகமும்

மூன்றாவது வட்டம் அதிகம் பேசப்படாதது. துறைமுகத்தை ஒட்டிய பெலெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் கிடங்குகள் இயங்குகின்றன. பெட்டியைப் பிரித்து, பொருளை வகைப்படுத்தி, முத்திரை ஒட்டி, வேறு நாடுகளுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், இருப்புக் கணக்கர், தரச் சோதகர் ஆகியோருக்கு அங்கே தேவை இருக்கிறது. சுங்கப் பத்திரம் தயாரிக்கும் முகவர் நிலையங்களிலும், லோரிகளுக்கு டிரிப் பிரித்துக் கொடுக்கும் அலுவலகங்களிலும் பெண்கள் கணிசமாக வேலை செய்கிறார்கள். எஸ்பிஎம் முடித்து, மலாயும் ஆங்கிலமும் கணினியும் ஓரளவு தெரிந்தவர்க்கு இது நல்ல நுழைவாயில். சுங்கக் குறியீட்டையும் கப்பல் அட்டவணையையும் நன்கு கற்றவர் சில ஆண்டுகளில் நிர்வாகப் பொறுப்புக்கு உயரலாம்.

அடுத்த பத்தாண்டு

2025 ஜனவரி 7 அன்று கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் ஒன்பது முதன்மை வட்டாரங்கள் உள்ளன. தஞ்சோங் பெலெப்பாஸ்–தஞ்சோங் பின் அவற்றில் ஒன்று. முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்களும் 20,000 திறன் வேலைகளும் இலக்கு. தொழிற்சாலைகள் வந்தால் வாசலைத் தாண்டும் பெட்டிகளும் கூடும். சாலைக்கும் கிடங்குக்கும் அதனால் நேரடி வேலை வரும். இலக்கில் உள்ள "திறன்" என்ற சொல்லை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் போன்ற தகுதி எதுவும் இல்லாதவர்க்கு அந்த 20,000-இல் இடம் குறைவு.

அதற்கான வழிகள் இருக்கின்றன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் பயிற்சி நிதிக்குச் செலுத்துகின்றன. அந்தப் பணத்தில் ஓட்டுநருக்குக் கிரேன் பயிற்சியும், கெலிண்டானுக்கு இ வகுப்புப் பயிற்சியும், பிரைம் மூவர் ஓட்டுநருக்கு மின்பராமரிப்புப் பயிற்சியும் கேட்டுப் பெறலாம். மனிதவள அமைச்சு 2024-இல் இந்திய சமூகத்துக்கென மிசி என்ற திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. கோயில் மண்டபங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தச் செய்திகள் போய்ச் சேர வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை: காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம், குறைவாக வைக்கப்பட்ட அடிப்படைத் தொகையில் உயர்வு, உரிமச் செலவில் பங்கு, ஓட்டுநர் படுத்தெழத் தகுந்த ஓய்விடம். அரசின் பங்கு, தொழிற்சாலையின் தாமதத்துக்கும் அதிக பாரத்துக்கும் சரக்கின் சொந்தக்காரரையும் பொறுப்பாக்குவது. குடும்பங்களின் பங்கு, லோரி ஓட்டும் தகப்பனின் மகன் லோரியை வெறுத்து ஒதுக்காமலும் அதோடு நின்றுவிடாமலும், அதே துறையில் கிரேன், பராமரிப்பு, திட்டமிடல் என்று அடுத்த படிக்கு ஏற வழிகாட்டுவது. கெலாங் பாத்தாவில் சரக்கு இனியும் பெருகும். அந்தப் பெருக்கத்தில் உள்ளூர்க்காரருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கப்பல்களின் எண்ணிக்கை தீர்மானிக்காது. சம்பள முறையும் பயிற்சியுமே அதைத் தீர்மானிக்கும்.